தேவதை அவிழ்க்காத சாக்கு

என் அக்கா எடுத்த படத்தில் நான் இல்லை. ஓர் அப்பா இருக்கிறார், ஓர் அம்மா இருக்கிறாள், ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பெண் தான்தான் என்று அக்கா எல்லாப் பேட்டிகளிலும் சொல்கிறாள். டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம், ஆயர் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, குழந்தைகளுக்குப் பரிசு தரும் புனிதர் மிகுலாஷின் வேடத்தில் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ஒரு பக்கம் தேவதை, மறுபக்கம் சங்கிலியை இழுத்துக்கொண்டு பிசாசு. பெண் அந்த வருடம் செய்த தப்புகளை மிகுலாஷ் ஒரு காகிதத்தைப் பார்த்து உரக்கப் படிக்கிறார். பிசாசு அவளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போய்க் கட்டடத்தின் நிலவறையில் வைத்துவிடுகிறான். இரண்டு மணி நேரம் யாரும் வரவில்லை. அப்பா தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் ஏறக்குறைய நடந்ததுதான். ஆனால் நடந்தது எனக்கு. அக்கா ரடானாவுக்கு அப்போது பதினைந்து வயது. அன்று அவள்தான் தேவதை.

எங்கள் பக்கத்தில் பிசாசு தூக்குவான், தேவதை குழந்தைக்காகக் கெஞ்சிச் சாக்கை அவிழ்த்து விடுவாள். அதுதான் முறை. குழந்தை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள், பிறகு ஆரஞ்சும் சாக்லேட்டும் கொடுப்பார்கள். சாக்குக்குள் இருந்தபோது நான் அதிகம் அழவில்லை. தாடிக்குள் இருப்பது யாரென்று எனக்குத் தெரியாது, கரி பூசிய முகம் யாருடையது என்றும் தெரியாது. ஆனால் இறக்கை கட்டியிருப்பது ரடானா என்று தெரியும். அந்த இறக்கையை அவள் எங்கள் அறையில்தான் கம்பியும் பழைய திரைச்சீலையும் வைத்துச் செய்தாள். அதனால் காத்திருந்தேன். சாக்கில் உருளைக்கிழங்கு மண் வாசனை. நான் நூறுவரை எண்ணினேன். அன்றைக்கு எனக்கு எண்ணத் தெரிந்தது அவ்வளவுதான், அதனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

கடைசியில் என்னை எடுத்தது இரண்டாம் மாடிக் கிழவர். ஊறுகாய்ப் புட்டி எடுக்க நிலவறைக்கு வந்தவர், சாக்கு அசைவதைப் பார்த்து எலி என்று நினைத்து முதலில் காலால் ஓர் உதை விட்டார்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசவில்லை. "தூக்கிட்டுப் போ இவளை" என்று பிசாசிடம் சொன்னது அப்பாதான், பிறகு என்னைத் தேடாமல் இருந்ததும் அவர்தான் என்பது அன்று மாலை வேலையில் இருந்த அம்மாவின் கணக்கு. அப்பாவின் படுக்கை கூடத்துச் சோபாவுக்குப் போனது. ஒன்பது வருடம் அங்கேயே படுத்தார். "உப்பு எங்க இருக்குன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வாள், அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் இறந்துபோனார். அதற்கு முந்தின வாரமும் அம்மா அவரிடம் நேராக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காவின் படம் வசந்த காலத்தில் வெளிநாட்டில் ஒரு பரிசு வாங்கியது, இலையுதிர் காலத்தில் நம் நாட்டிலும் ஒன்று. அம்மா அக்கா அனுப்பிய இணைப்பைத் திறந்து கணினியில் பார்த்து, ஒரு பெட்டிக் காகிதக் கைக்குட்டையையும் அழுது தீர்த்தாள். அம்மா வேலைக்குப் போன பிறகு நான் தனியாகப் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருந்தாள். சாக்கின் நெசவு வழியாகத் தெரியும் வெளிச்சம்கூடச் சரியாக இருந்தது. அதை அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அது நான்தானேம்மா" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "தெரியும்டீ. படம்தானே. உன்னைப் போட்டிருந்தா ஊரே உன்னைப் பாத்திருக்கும். ரொட்டிக் கடையில உன்கிட்ட வந்து கேப்பாங்க. உனக்கு அது பிடிக்குமா?"

பிடிக்காதுதான். ஆள் பார்த்தால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேல்நிலைப் பள்ளியை இரண்டாம் வருடத்தோடு விட்டேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், கரும்பலகை முன்னால் நின்று பதில் சொல்லச் சொன்னால் முடியாது. இப்போது பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பின்பக்கம் தட்டு கழுவுகிறேன். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

படத்தில் என் பெயர் வர வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நீ ஏன் வந்து அவிழ்க்கவில்லை? பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்வி வாய்வரை வந்து திரும்பிப் போகிறது. தொலைபேசியில் கேட்க முடியவில்லை. அவள் ப்ராகில் இருந்தாள், படத்தோடு ஊர் ஊராகப் போனாள். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் திரையரங்கில் படம் போடுகிறார்கள், இயக்குநரே வந்து பேசுகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அன்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

அன்று மதியம் அவள் காரில் வந்து இறங்கினாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அம்மா ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியும் உருளைக்கிழங்கு சாலட்டும் செய்திருந்தாள், கிறிஸ்துமஸுக்குச் செய்வதுபோல.

"நான் இப்ப கறி சாப்பிடறதில்லம்மா."

"இது பன்னி. கறி இல்ல."

"பன்னி என்ன செடியிலயா காய்க்குது?"

"சாலட்டையாவது சாப்பிடு. பரிசு வாங்கினவங்க எல்லாம் பட்டினியா கிடக்கணும்னு சட்டமா?"

ரடானா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ என்னடீ, ஒண்ணும் பேச மாட்டேங்கற? படம் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "நாலு மணிக்குன்னா மூணரைக்கே போகணும், ஒலி சரி பாக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திரையரங்கு நிரம்பியிருந்தது. எங்கள் கட்டடத்துக்காரர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அம்மா முதல் நாளே தலைமுடி அலங்காரம் செய்துகொண்டு, முன்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசையில் ஓரத்தில் இருந்தேன். படத்தில் அப்பாவாக நடித்தவர் கோல் விழுந்ததும் கைதட்டும் இடத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, "பாவி, பாவி" என்று மெல்லச் சொன்னாள். எங்கள் அப்பாவுக்கு ஹாக்கியே பிடிக்காது. அவர் மீன் பிடிக்கப் போகிற மனிதர்.

விளக்கு போட்டதும் நூலகத்துத் திருமதி ஸ்மிடோவா ஒலிவாங்கியோடு மேடை ஏறினாள். ரடானாவுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். இப்படி ஒரு காயத்தை உலகுக்குக் காட்ட எவ்வளவு தைரியம் வேண்டும் என்று திருமதி ஸ்மிடோவா கேட்டாள். ரடானா மெதுவாகப் பதில் சொன்னாள். நம்முடைய ஊர்களில் குழந்தையைப் பயமுறுத்துவதை விளையாட்டு என்கிறோம், சாக்குக்குள் இருப்பவளுக்கு அது விளையாட்டு அல்ல என்றாள். அவள் சொன்னது உண்மைதான்.

"வேற யாருக்காவது கேள்வி?"

நடு வரிசையில் ஓர் ஆள் எழுந்தார். லுபோர். எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் வளர்ந்தவர், இப்போது எட்டாம் எண் பேருந்து ஓட்டுகிறார்.

"கேள்வி இல்ல, புகார்" என்றார். "நானும் இதுல நடிச்சிருக்கேன். எனக்கு ஏன் பரிசு வரல?"

சிலர் சிரித்தார்கள். "நீங்க எந்தப் பாத்திரம்?" என்று திருமதி ஸ்மிடோவா கேட்டாள்.

"பிசாசுங்க. நிஜப் பிசாசு. அந்த வருஷம் கரி பூசிட்டு வந்தது நான்தான். இங்க பாதிப்பேர் வீட்டுல குடிச்சிருக்கேன். வீட்டுக்கு ஒரு கிளாஸ்னு ஊத்தி ஊத்திக் கொடுத்தது நீங்கதான், மறந்துடாதீங்க."

இப்போது பெரிய சிரிப்பு. லுபோர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு இடிக்குது, ரடா. உனக்கு ஆறு வயசுன்னா எனக்கு ஒம்பது. ஒம்பது வயசுல நான் யாரையும் தூக்கல, என்னைத்தான் தூக்கினாங்க. அன்னிக்கு நீ எங்ககூட வந்தியே. இறக்கை கட்டிக்கிட்டு. நீ தேவதைன்னா, நான் தூக்கினது யாரை?"

ரடானா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "படம் வேற, வாழ்க்கை வேற, லுபோர்."

"அது சரி. மன்னிப்பை யார்கிட்டக் கேக்கறதுன்னு மட்டும் சொல்லு."

முன்வரிசையில் அம்மாவின் அலங்கரித்த தலை அசையவே இல்லை. நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியாது. நாற்காலி படக்கென்று மடங்கிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"நான்" என்றேன். "சாக்குல இருந்தது நான்."

ரடானா என்னைப் பார்த்தாள். பிறகு திருமதி ஸ்மிடோவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நெகிழ்ந்த குரலில் சொன்னாள்: "எவ்வளவு அழகு! அக்காவும் தங்கையும் ஒரே நினைவைப் பங்கு போட்டுக்கறாங்க. இதைவிட நல்ல முடிவு இந்த மாலைக்குக் கிடைக்காது. வெளியில ரொட்டியும் ஒயினும் வச்சிருக்கோம், வாங்க."

கைதட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள். சிலர் திரும்பி நின்று, என்னைப் பார்த்துத் தலையாட்டியபடி தட்டினார்கள். ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். சாக்குக்குள் இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே ஒருத்தி வருவாள் என்ற எண்ணமாவது இருந்தது.

திரையரங்கின் முன்கூடத்தில் லுபோர் என்னிடம் வந்தார். கையில் ரொட்டித் துண்டு, அதன்மேல் முட்டையும் வெள்ளரியும். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நீ எவ்ளோ லேசா இருந்தே தெரியுமா. பூனைக்குட்டி மாதிரி" என்றார். "கீழ வச்சுட்டு நான் மேல வந்துட்டேம்மா. அடுத்த கட்டடத்துக்கு நேரமாச்சுன்னு மிகுலாஷ் கத்தினான். அவுக்கறது தேவதை வேலைதானே, அவ பின்னாடியே வர்றான்னு நினைச்சேன். குடிச்சிருந்தேன், அதையும் சொல்லணும். என்னை மன்னிச்சுடு."

"சரி" என்றேன்.

"வெறும் சரியா? நாலு திட்டாவது திட்டு."

"எனக்குத் திட்ட வராது."

"எட்டாம் நம்பர்ல ஏறு, பழகிடும். தினமும் நாப்பது பேர் திட்டறாங்க" என்று சொல்லிவிட்டு, ரொட்டித் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு அவசரமாகப் போனார். அவர் கண் சிவந்திருந்தது.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆறரை மணிதான், ஆனால் நன்றாக இருட்டிவிட்டது. ஈரப்பனி விழுந்து, விழுந்த உடனே கரைந்துகொண்டிருந்தது. பின்னால் கதவு திறந்தது. ரடானா கோட்டு இல்லாமல் வந்தாள். சிகரெட்டை எடுத்தாள், பற்றவைக்கவில்லை.

"எல்லார் முன்னாலயும் வச்சுத்தான் சொல்லணுமா? எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே."

"நீ ஏன் வந்து அவுக்கல?" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல், நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்தாள். சொல்ல மாட்டாள், மறந்துவிட்டது என்பாள் என்று நினைத்தேன்.

"இறக்கை லிஃப்ட்டுல நுழையல" என்றாள். "திருப்பித் திருப்பிப் பாத்தேன், கதவு மூடல. லுபோர் உன்னைத் தூக்கிட்டு லிஃப்ட்டுல இறங்கிட்டான். நான் ஏழு மாடியும் படியில பக்கவாட்டா இறங்கி வந்தேன். கீழ வந்தா யாரும் இல்ல. லிஃப்ட் மேல போயிட்டிருந்துச்சு. உன்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோறாங்கன்னு நினைச்சேன்."

"அப்புறம் நீ வீட்டுக்கு வந்தியா?"

"வந்தேன்."

"நான் இல்லன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." சிகரெட்டை இரண்டாக ஒடித்தாள். "அப்பா செருப்பை மாட்டிட்டு வாசல்ல நின்னாரு. 'சின்னது எங்க, கொண்டு வரலையா'ன்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன். மூணாம் மாடியில ஹானா வீட்டுல விளையாடுறான்னு சொன்னேன். அவர் செருப்பைக் கழட்டிட்டுப் போய் உக்காந்துட்டாரு."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"அந்தக் காகிதத்தை எழுதினது நான். நீ படுக்கை விரிப்பை நனைச்சுட்டு அதைக் குளியல்தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன்னு என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தே. சிரிப்பா இருக்கும்னு எழுதிட்டேன். அதை மிகுலாஷ் எல்லார் முன்னாலயும் படிச்சதும் அப்பா முகம் எப்படி ஆச்சு பாத்தியா? நீ வந்து அழுதா, யார் எழுதினதுன்னு கேப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா எல்லாரும் மறந்துடுவாங்கன்னு நினைச்சேன். அஞ்சு நிமிஷம்னு நினைச்சேன். அப்புறம் பசங்க அடுத்த கட்டடத்துக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டேன்."

"ரெண்டு மணி நேரம்" என்றேன்.

"தெரியும். அதுக்கப்புறம் தினமும் நான் அந்தச் சாக்குலதான் இருந்தேன். நம்ப மாட்டே. ஒருநாள் நிலவறைக்குப் போய் நிஜமாவே சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்து பாத்தேன். கதை எழுத உக்காந்தா, உள்ள இருக்கறது நானாத்தான் வந்துச்சு. நான் பொய் சொல்லணும்னு எழுதல."

வெளிச்சத்தை எப்படித் தெரிந்துகொண்டாள் என்பது இப்போது புரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரும், அதை அவள்மேல் இறக்கி வைக்கலாம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு சோபாதான் மனதில் வந்தது. அதன் முனையில் மடித்து வைத்திருந்த கம்பளியும், அப்பா உப்புக்காகக் கையை நீட்டிவிட்டு யாரையும் பார்க்காமல் காத்திருந்ததும்.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"எது?"

"அப்பா செருப்பை மாட்டிட்டு நின்னது."

ரடானா தலையாட்டினாள். இல்லை என்று.

"அப்பா ஏன் சொல்லல?"

"சொன்னா நான் மாட்டுவேன்னு. ஒரு தடவை ஏரிக்கரையில வச்சு நான் கேட்டேன். 'நீ சின்னப் பொண்ணு, உங்கம்மா என்கிட்டக் கோவமா இருந்துட்டுப் போறா'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அப்புறம் மீனைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு."

"படத்துல அவரை ஹாக்கி பாக்க வச்சிருக்கே."

பனி அவள் ஒட்ட வெட்டிய முடியில் விழுந்து நீராகிக் காதோரம் வழிந்தது. குளிரில் தோள்கள் நடுங்கின.

"உள்ள போய்ச் சொல்லு" என்றேன்.

"இப்பவா? எல்லாரும் இருக்காங்க. நாளைக்குக் காலையில வீட்டுல வச்சு…"

"நாளைக்கு நீ ப்ராகுக்குப் போயிடுவே."

"வெண்டுல்கா…" என்று என் பெயரை இழுத்தாள்.

"எனக்காக வேண்டாம். எனக்கு நீ சொல்லிட்டே. அம்மாகிட்டச் சொல்லு."

ஒடித்த சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டாள், மறுபடி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தின் சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் வெளியே நின்று பார்த்தேன். அம்மா சாளரத்துக்குப் பக்கத்தில் நின்று திருமதி ஸ்மிடோவாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கையில் ஒயின் கோப்பை. ரடானா போய் அவள் முழங்கையைத் தொட்டாள். ஓரமாக அழைத்துப் போனாள். பேசத் தொடங்கினாள். வாய் அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா முதலில் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், வழக்கமாக நம் பேச்சைப் பாதியில் வெட்டுவதற்கு முன்பு ஆட்டுவதுபோல. பிறகு ஆட்டுவது நின்றது. ரடானா குனிந்து தன் காலைக் காட்டி, செருப்பு மாட்டுவதுபோலக் கையால் ஏதோ செய்தாள்.

அம்மா கோப்பையை வைக்க இடம் தேடினாள். மேசை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அவளுக்குத் தெரியவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கையும் காலியாக, அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

நான் கையை உயர்த்தினேன். உள்ளே அத்தனை விளக்கு, வெளியே இருட்டு. என்னை அவளால் பார்த்திருக்க முடியாது. தன் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். முதல் நாள் அலங்கரித்த முடியை அவள் ஒரு கையால் மெல்ல அழுத்தி அழுத்திக் கலைப்பதை, பனி கோட்டுக்குள் இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.